மஹ்மூத் பாஷா மேட்டில் ஒரு மாலை

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜவுளிக் கடைக்குப் போகாத தமிழ்ப் பெண்மணியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். 2022-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி, சனிக்கிழமை, இஸ்தான்புல் நகரத்தில், இரண்டாவது மாடி ஜன்னல் ஓரத்தில் கன்னத்தில் கை வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் என் சகதர்மிணி.

"இந்நேரம் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது" என்றாள் பெருமூச்சுடன். கால் வைக்க இடமில்லாததற்காக ஏங்குகிறவர்கள் உலகத்திலேயே நம் ஜனங்கள்தான் என்று நினைக்கிறேன். இப்படி நினைத்தது தப்பு என்று அன்று மாலையே தெரிந்து போயிற்று.

முதலில் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கணிதம் படித்தவள். அந்த ஊர்ப் பல்கலைக் கழகம் ஒன்றில் அவளுக்கு இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை கிடைத்தது. சம்பளம் டாலரில். எனக்குப் பத்திரிகை ஆசிரியர் சம்பளம் இல்லாத விடுமுறை கொடுத்தார். ஆகவே அந்தக் குடும்பத்தில் சம்பாதித்தவள் அவள். காய்கறி வாங்கியவன் நான். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இஸ்தான்புல் இரண்டு கண்டங்களில் கால் ஊன்றி நிற்கிற ஊர் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எங்கள் ஜாகை ஆசியக் கரையில், காடிகோய் என்ற பேட்டையில். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மாள், இரண்டு பெண்களுடன் இருந்தாள். கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அவளைத் 'தெய்ஸே' என்று கூப்பிடுவோம். தாயாரின் சகோதரிக்குத் துருக்கியில் அதுதான் பெயர். நம்முடைய பெரியம்மா, சித்தி இரண்டும் அதில் அடக்கம். வயதான எந்த அம்மாளையும் அப்படி அழைக்கலாம். மூத்த பெண் பள்ளிக்கூட உபாத்தியாயினி. அவள் எங்களுக்கு 'அப்லா', அதாவது அக்கா. அண்ணனுக்கு 'அபி'. காய்கறிக்காரனும் அபிதான், பஸ் டிரைவரும் அபிதான். முன்பின் தெரியாதவர்களையும் உறவு சொல்லி அழைக்கிற ஊரில் நமக்கு அன்னிய தேசம் என்ற பயம் பாதி போய்விடுகிறது. போதாததற்கு அந்தப் பெண்கள் தாயாரை 'அன்னே' என்று கூப்பிடுவதை முதல் நாள் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது வெறும் தற்செயலாக இருக்கலாம். இருந்தால் என்ன?

இளைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டிசம்பரில் முகூர்த்தம். என் மனைவியின் பெருமூச்சு மாடிப்படி வழியே கீழே போயிருக்க வேண்டும். மூன்று மணிக்குத் தெய்ஸே கதவைத் தட்டினாள். "உங்கள் ஊரில் பண்டிகைக் கும்பல் என்கிறாயே, வா! எங்கள் ஊர்க் கும்பலைக் காட்டுகிறேன். கல்யாணச் சாமான் வாங்க வேண்டும்" என்றாள். என்னைப் பார்த்து, "நீயும் வா. பை தூக்க ஆள் வேண்டும்" என்றாள். பதவி நியமனம் இத்தனை சுருக்கமாக எனக்கு எந்த ஆபீஸிலும் நடந்ததில்லை.

காடிகோயிலிருந்து எமினோனுவுக்குப் படகில் இருபது நிமிஷம். வலது பக்கம் ஹைதர்பாஷா ரயில் நிலையம், தண்ணீரிலேயே கால் நனைத்துக்கொண்டு நின்றது. ஜெர்மானிய நிபுணர்கள் வரைந்து 1909-ல் திறந்த கட்டடம். 2013-லிருந்து ரயில் வராமல் மௌனமாகிவிட்டது. படகில் ஏறிய உடனே எல்லோரும் செய்கிற காரியம் டீ வாங்குவது. இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடி டம்ளர், தட்டு, இரண்டு சர்க்கரைக் கட்டி. பால் கிடையாது. எள் தூவிய வளையம் போன்ற 'ஸிமித்' ரொட்டியைப் பிய்த்து எறிந்தால், கூடவே பறந்து வரும் கடற்பறவைகள் அந்தரத்திலேயே கவ்விக் கொள்கின்றன. என் மனைவி தன் ரொட்டி முழுவதையும் பறவைகளுக்குப் போட்டுவிட்டு என் ரொட்டியைச் சாப்பிட்டாள்.

கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டே தன் பெண் பார்க்கும் படலத்தைச் சொன்னாள். அங்கே சொஜ்ஜி பஜ்ஜி இல்லை, காப்பி. பெண் தன் கையால் காப்பி போட்டுக்கொண்டு வர வேண்டும். மாப்பிள்ளையின் காப்பியில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிடுவாள். அவன் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால் பொறுமைசாலி என்று அர்த்தம். "மூன்று ஸ்பூன் போட்டேன், குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார்" என்றாள். "பொய் சொல்லத் தெரிந்த மாப்பிள்ளை. குடித்தனம் நன்றாக நடக்கும்" என்றாள் என் மனைவி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

எமினோனுவில் இறங்கினால் எதிரே புதுப் பள்ளிவாசல். 'புது' என்பது பெயரளவில்தான். 1597-ல் அஸ்திவாரம் போட்டு 1665-ல் முடித்தது. அதன் பக்கத்திலேயே எகிப்துக் கடைவீதி. எகிப்திலிருந்து வந்த வரிப் பணத்தில் கட்டியதால் அந்தப் பெயர். இந்தக் கடைகளின் வாடகையில் பள்ளிவாசலைப் பராமரிக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. கடை வாடகை என்ற வார்த்தையை இந்த இடத்தில் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை விஷயம் பிறகு வரும். வெளியே, 1871-லிருந்து காப்பி அரைத்து விற்கும் மெஹ்மத் எஃபெந்தி கடையில் நீண்ட வரிசை. வறுத்த காப்பியின் வாசனை தெரு முழுவதும் ஆளைக் கட்டி இழுத்தது. கும்பகோணத்துக்காரனான என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து அப்பால் அழைத்துப் போக வேண்டியிருந்தது.

வெளிநாட்டுப் பிரயாணிகள் எகிப்துக் கடைவீதியிலேயே மயங்கி நின்றுவிடுவார்கள். உள்ளூர் ஜனங்கள் அதைத் தாண்டி மேட்டில் ஏறுவார்கள். அந்த மேடுதான் மஹ்மூத் பாஷா. ஊரைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் சுல்தானின் பிரதம மந்திரி பெயர் அது. அந்தச் சுல்தானே 1474-ல் அவருடைய உயிரை வாங்கிவிட்டான். பெயர் மட்டும் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே சௌக்கியமாக இருக்கிறது. செங்குத்தான தெரு, இரண்டு பக்கமும் துணி. படுக்கை விரிப்பு, துவாலை, கல்யாண கவுன், சுன்னத்துச் செய்யப் போகும் பையன்களுக்கு ராஜா வேஷம். ஆம், வெள்ளை அங்கி, இறகு வைத்த தொப்பி, கையில் செங்கோல் சகிதம்! ஒரு பொடியன் செங்கோலால் தம்பி மண்டையில் போட்டுக் கொண்டிருந்தான். கடைக்காரர்கள் கூவ, மூட்டை தூக்குகிறவர்கள் வழி கேட்க, ஜனம் ஜனமாக மேலே ஏறியது. என் மனைவியின் முகம் மலர்ந்தது. "ரங்கநாதன் தெருவேதான்! மேடு ஒன்றுதான் அதிகம்" என்றாள்.

இங்கேதான் என் சாமர்த்தியத்தைக் காட்ட நினைத்தேன். ஒரு கடையில் 'ஜெஸ்வே' என்னும், நீளக் கைப்பிடி வைத்த தாமிரக் காப்பிப் பாத்திரம் தொங்கியது. விலை கேட்டேன். சொன்னார். பாண்டி பஜாரில் பயின்ற பாடப்படி பாதி விலைக்குக் கேட்டேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். உடனே அடுத்த பாடம்: வேண்டாம் என்று விறுவிறுவென்று நடப்பது. பத்து அடி நடந்தேன். இருபது அடி நடந்தேன். "ஸார், ஸார்!" என்ற குரல் வரவில்லை. முப்பது அடி போய் ஓர் உள்பனியன் கடையில் எதையோ பார்ப்பது போலப் பாவனை செய்துவிட்டு, மானத்தை விட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த மனிதர் கேலி செய்யவில்லை. அப்லாவின் மூலமாக ஒன்று சொன்னார்: "நீங்கள் சொல்லும் விலைக்குக் கொடுத்தால், அந்தப் பணத்துக்கு நாளைக்கு இதே பாத்திரத்தை என்னாலேயே திரும்ப வாங்க முடியாது."

அது நிஜம். அந்த வருஷ அக்டோபரில் விலைவாசி, முந்தின அக்டோபரைவிட 85 சதவிகிதம் ஏறிவிட்டது என்று அரசாங்கமே கணக்குக் கொடுத்தது. விலைச் சீட்டின் மேல் சீட்டு, அதன் மேல் சீட்டு என்று ஒட்டி, சில சாமான்களில் சீட்டே கனமாக இருந்தது.

தெய்ஸேயின் பேரம் வேறு மாதிரி. பாதி விலைக்குக் கேட்கிற அநாகரிகம் அவளிடம் இல்லை. கடைக்காரரின் குழந்தைகளை விசாரித்தாள். முழங்கால் வலிக்கு மருந்து சொன்னாள். டீ வந்தது. குடித்தாள். கடைசியில், எழுந்து போகிறவள் போல, "ஸோன் நே ஒலூர்?" என்றாள். 'கடைசி என்ன ஆகும்?' என்று அர்த்தம். அந்த மூன்று வார்த்தைக்கு விலை இறங்கிய வேகத்தைப் பார்த்து, நான் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

இன்னொரு கடை. ஓரத்தில் பின்னல் வேலை செய்த தலைத்துணிகள் விற்கும் கிழவர். அப்போது மணி ஐந்தரை. தெய்ஸே ஒரு துணி எடுத்தாள். பேரம் பேசவே இல்லை. கிழவர் பணத்தை வாங்கி, தாடையில் தொட்டு, நெற்றியில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போணியா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அங்கே அதற்கு 'ஸிஃப்தா' என்று பெயர். முதல் விற்பனை உங்களிடமிருந்து, விருத்தி ஆண்டவனிடமிருந்து என்று வியாபாரிகள் சொல்லிக்கொள்வார்கள். தனக்கு ஸிஃப்தா ஆகிவிட்டால் அடுத்து வரும் வாடிக்கைக்காரரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிய பழைய வியாபாரிகளைப் பற்றி ஒரு கதையும் உண்டு என்று அப்லா சொன்னாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போணி! அவ்வளவு ஜனம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது; பார்த்தவர்கள்தான் அதிகம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேட்டின் உச்சியில் மூடு சந்தை. 1461 வாக்கில் ஆரம்பித்து, வளர்ந்து, இன்று அறுபது தெருக்களும் சுமார் நாலாயிரம் கடைகளுமாக ஒரே கூரையின் கீழ் ஓர் ஊர். ஏழு மணிக்குக் கதவுகளைச் சாத்திவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தொப்பி தைப்பவர்கள் இருந்த தெருவில் இப்போது தங்கம் ஜொலிக்கிறது. பெயர் மட்டும் இன்னும் தொப்பிக்காரர் தெருதான். தெய்ஸே பெண்கள் இருவரையும், "மருதாணி ராத்திரிக்கு வெல்வெட் அங்கி பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அடுத்த சந்துக்கு அனுப்பினாள். ஆமாம், அங்கேயும் கல்யாணத்துக்கு முன்னால் மருதாணி உண்டு. பெண் கையை இறுக மூடிக்கொண்டுவிடுவாள். மாமியார் உள்ளங்கையில் ஒரு தங்கக் காசு வைத்தால்தான் விரல் விரியும். எனக்குத் தெரிந்த சில மாமியார்கள் அந்தக் கட்டத்தோடு கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் இருவரையும் தெய்ஸே ஒரு சின்ன நகைக் கடைக்குள் அழைத்துப் போனாள். காசு வாங்கத்தான் என்று நினைத்தேன். பையன் டீ கொண்டு வந்தான். தெய்ஸே ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினாள். முன்கையில் ஐந்து தங்க வளையல்கள். அவற்றை நான் தினம் பார்த்திருக்கிறேன். மாவு பிசையும்போதுகூடக் கழற்ற மாட்டாள். அவற்றில் இரண்டைக் கழற்றத் தொடங்கினாள்.

அவை கழல மறுத்தன. முப்பது வருஷம் முன்னால் போட்ட கை, எலும்பு தடித்துவிட்டது. நகைக் கடைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். என் மனைவி ஒன்றும் பேசாமல், கடைப் பையனிடம் சைகை காட்டிச் சோப்பும் தண்ணீரும் வாங்கினாள். தெய்ஸேயின் கையை மடியில் வைத்துச் சோப்பைக் குழைத்துத் தடவினாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த வித்தை தெரியும். அடகுக் கடை வாசலில் பாட்டிமார்கள் சொல்லிக் கொடுத்தது. ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. கை சிவந்துவிட்டது.

தராசில் 36 கிராம். 22 காரட். சுவரில் இருந்த பலகையில் தங்க விலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருந்தது. சுத்தத் தங்கம் கிராம் ஆயிரம் லிராவுக்குச் சற்றுக் கீழே. சென்ற வருஷம் இதே சமயம் ஐந்நூற்றைம்பது சொச்சம். முப்பத்திரண்டாயிரம் லிராவும் சில்லறையும் எண்ணிக் கொடுத்தார். தெய்ஸே இரண்டு தடவை எண்ணினாள். "துணி வெளுக்கும் மெஷின், படுக்கை, சமையல் அடுப்பு" என்று விரல் மடக்கினாள். பிறகு ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "பெண்ணிடம் சொல்ல வேண்டாம்" என்றாள்.

சந்து முனையில் பெண்கள் சிவப்பு வெல்வெட் மூட்டையோடு வந்தார்கள். கல்யாணப் பெண் துணியின் ஜரிகையைக் காட்டிக் கொண்டிருந்தாள். அப்லா மட்டும் தாயாரின் ஸ்வெட்டர் கையை ஒரு கணம் பார்த்தாள். நடக்கையில் வளையல் சத்தம் குறைந்திருந்தது.

திரும்பும் படகில் நல்ல இருட்டு. பள்ளிவாசல் கோபுரங்களின் விளக்குகள் தண்ணீரில் நடுங்கின. பைகள் என் மடியிலும், முதுகிலும், கால்களுக்கிடையிலும். என் மனைவி ரொட்டி வாங்கவில்லை. பறவைகள் ஏமாந்து போயின.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்: "நம் வாடகை எத்தனை?"

"நாலாயிரம் லிரா."

"டாலரில் கேட்கிறேன்."

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அது எனக்கு மனப்பாடம். 2021 நவம்பர் முதல் தேதி நாங்கள் குடி வந்தபோது டாலருக்கு ஒன்பதரை லிரா. அந்த டிசம்பரிலேயே ஒரு நாள் பதினெட்டைத் தொட்டுவிட்டு, இறங்கி, மறுபடி மெல்ல ஏறி, இப்போது பதினெட்டரை. 419 டாலராக இருந்த வாடகை 216 ஆகிவிட்டது. இதைப் பற்றி ஊரில் என் தம்பிக்குப் பெருமையாகவே எழுதியிருந்தேன்: "இங்கே வாடகை மாதா மாதம் தானாகவே குறைகிறது. உங்கள் மெட்ராஸில் உண்டா இந்த அதிசயம்?"

குறைந்த பணம் எங்கேயோ ஆகாயத்தில் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கீழ் வீட்டில் குறைகிறது என்று தோன்றவில்லை.

கணிதம் படித்த மனைவியிடம் அகப்பட்டுக்கொண்டால் தப்ப முடியாது. பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதிக் கூட்டினாள். மிச்சமானது 1,745 டாலர். பிறகு 36 கிராம் 22 காரட்டைக் கணக்குப் போட்டாள். எட்டு டாலர் வித்தியாசம். காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

அந்த வருஷம் இஸ்தான்புல்லில் எத்தனையோ வீட்டுக்காரர்கள், "மகன் குடிவரப் போகிறான்" என்று சொல்லி, குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். தெய்ஸே அப்படி ஒரு மகனை உண்டாக்கவில்லை.

நவம்பர் முதல் தேதி, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். இருவரும் கீழே போனோம். "தெய்ஸே, இனிமேல் எட்டாயிரம்" என்றேன்.

"ஐயாயிரம்" என்றாள்.

"ஏழாயிரத்து ஐந்நூறு."

"ஐயாயிரம். ஜூன் மாதம் சட்டம் வந்திருக்கிறது. வருஷத்துக்கு 25 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. நாலாயிரத்துக்கு ஆயிரம். நீ படித்தவன்தானே?"

வீட்டுக்காரி சட்டத்தைக் காட்டி வாடகையைக் குறைக்க, குடியிருக்கிறவன் ஏற்றச் சொல்லி மன்றாடிய காட்சியை வேறெங்காவது யாராவது பார்த்திருந்தால் எனக்கு எழுதவும். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, "ஸோன் நே ஒலூர்?" என்று கேட்டேன். தெய்ஸே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் ஐயாயிரத்திலிருந்து ஒரு லிராகூட ஏறவில்லை. பணத்தைத் தாடையில் தொட்டு, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மேஜை டிராயரில் வைத்தாள்.

"வளையல் இரண்டு" என்றாள் மனைவி, மாடிப்படி ஏறும்போது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த 1,745 டாலர் எங்களிடம் இல்லை. கோடையில் கப்படோக்கியாவுக்குப் போய், விடியற்காலையில் பலூனில் ஏறி, பாறைக் கூம்புகளை மேலேயிருந்து பார்த்துவிட்டு வந்திருந்தோம். மிகவும் அழகான காட்சி. ஆகையால் ஒரு வளையல்தான் வாங்க முடிந்தது.

அந்த ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர்கள் சிவப்பு ரிப்பன் கட்டிய தங்கக் காசை அவர்கள் மார்பில் குத்துவார்கள், அல்லது கையில் வளையல் பூட்டுவார்கள். எங்கள் முறை வந்தது. என் மனைவி பெண்ணின் கையில் வளையலைப் போட்டாள். பக்கத்தில் நின்ற தெய்ஸே அதைப் பார்த்தாள். கண்ணாலேயே எடை போட்டுவிட்டாள். "நான் வாடகை ஏற்ற மாட்டேன் என்று சொன்னேனே!" என்றாள் மெல்ல.

"இது வாடகை இல்லை, தெய்ஸே. எங்கள் ஊரில் இதற்கு மொய் என்று பெயர். எழுதி வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் விசேஷம் வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும்" என்றாள் மனைவி.

தெய்ஸே ஒரு கணம் யோசித்தாள். பிறகு, மூலை மேஜையில் உட்கார்ந்து யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று குறித்துக் கொண்டிருந்த உறவுக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "எழுது! மாடி வீட்டார், ஒரு வளையல்" என்றாள். அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை சொன்னேன். அவர் எழுதிக் காட்டினார். என் பெயரை இத்தனை எழுத்துப் பிழையோடு யாரும் எழுதியதில்லை. ஆனால் கிராம் கணக்கு சரியாக இருந்தது.